ஸ்பெஷல் லைசென்ஸ்

ஸ்பெஷலைசேஷன் என்ற வார்த்தையை என்னிடம் முதலில் சொன்னவர் ஒரு ஏட்டு. ஒலக்கூர் பக்கத்தில் ஒரு கிணற்று மேட்டில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கிணற்றிலிருந்து நான் மேலே கொண்டுவந்த பிணம் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தது. ஏட்டு என் முதுகில் தட்டி, "இதுல உனுக்கு நல்ல ஸ்பெஷலைசேஷன்டா" என்றார். என் காதில் அது 'ஸ்பெஷல் லைசென்ஸ்' என்று விழுந்தது. எனக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு லைசென்ஸ் வரப்போகிறது என்று நம்பி ஏழெட்டு மாதம் காத்திருந்தேன். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டது 1993இல். எங்கள் ஊர் பெருமுக்கல் பக்கம். பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. வீட்டில் பசி இருந்தது, ஆனால் அது அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும்தான் இருந்தது. ஒரே இடத்தில் உட்கார எனக்கு முடியவில்லை, அவ்வளவுதான். விழுப்புரம் ஜங்ஷன் எதிரே ஓட்டலில் மேசை துடைத்தேன். வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லில் மூட்டை தூக்கினேன். லாரியில் கிளீனராகப் போனேன். கல் குவாரியில் ஒரு மழைக்காலம் வரை இருந்தேன். எதிலும் ஒரு வருஷத்தைத் தாண்டவில்லை. பாதி வேலையைச் சம்பளம் பத்தாமல் விட்டேன், மீதியை அடி தாங்காமல் விட்டேன்.

நான் நிலைத்து நின்ற முதல் இடம் திண்டிவனத்தில் ஒரு மோட்டார் ரிப்பேர் கடை. என்னை அங்கே சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் எனக்கு மோட்டார் தெரியும் என்பதல்ல. எனக்கு நீச்சல் தெரியும். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் ஆழ்குழாய் இவ்வளவு கிடையாது. கிணற்று உள்மேடையில் மோட்டார் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் தண்ணீருக்குள் போகும். குழாயின் அடிமுனையில் ஃபுட்வால்வு. அதில் சருகு அடைத்தாலோ உள்ளே இருக்கும் தோல் கிழிந்தாலோ மோட்டார் காற்றைத்தான் இழுக்கும். மொத்தக் குழாயையும் மேலே தூக்கிச் சரிசெய்ய நாலு ஆளும் அரை நாளும் வேண்டும். நான் ஸ்பேனரை இடுப்புக் கயிற்றில் செருகிக்கொண்டு குழாயைப் பிடித்தபடி முங்குவேன். மூன்று முங்கில் வால்வைக் கழற்றி விடுவேன். இரண்டு முங்கில் மாட்டிவிடுவேன். முதலாளிக்கு இது நல்ல லாபம்.

எனக்கு வேண்டியிருந்தது வேறு. கடையின் உள்பக்கம் காயில் கட்டும் பெஞ்சு ஒன்று இருந்தது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை வெட்டி எடுத்து, புதுக் கம்பியைச் சுற்றி, ஒவ்வொரு காடிப் பள்ளத்திலும் காகிதம் வைத்து இறக்கிக் கட்டுவது. அதைச் செய்பவரைத்தான் ஊரில் மெக்கானிக் என்பார்கள். மற்றவன் கடைப் பையன். எனக்கு அந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும். யாராவது என்னைக் காட்டி 'மோட்டார் மெக்கானிக்' என்று சொல்ல வேண்டும். வேறு எந்த ஆசையும் அப்போது எனக்கு இல்லை. முதலாளியும் நேரம் கிடைக்கும்போது கற்றுக்கொடுத்தார். இரண்டு வருஷத்தில் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை நானே கட்டினேன். அது ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் முதல் பிணம் வந்தது. நாற்பது வயது இருக்கும் ஓர் ஆள், கிணற்றில் விழுந்து ஒரு பகல் ஆகியிருந்தது. பாதாளக்கரண்டியைப் போட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற கொக்கிக் கொத்து அது. அதில் மாட்டி இழுத்தால் மனுஷன் முகம் என்ன ஆகும்? நான் பக்கத்துக் கிணற்றில் ஃபுட்வால்வு மாட்டிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டார்கள், போனேன். இரண்டாவது முங்கில் காலில் தட்டுப்பட்டார். கட்டிலை இறக்கச் சொல்லி, அதில் கிடத்திக் கட்டி மேலே அனுப்பினேன்.

அவர் கையைப் பார்த்தேன். நகம் எல்லாம் பிய்ந்து, நகக்கண்ணில் பாசி அடைந்திருந்தது. கிணற்றுச் சுவரின் கல் சந்துகளைப் பிடித்து ஏறப் பார்த்திருக்கிறார். அதை ஏட்டிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார்.

"எடுக்கறது உன் வேல. பாக்கறது டாக்டரு வேல. எழுதறது என் வேல. அவனவன் வேலய அவனவன் பாத்துக்கினு போனா ஊரு நல்லாருக்கும். புரிஞ்சுதா?"

எனக்கு ஒரு குவார்ட்டர் பாட்டில் கொடுத்தார்கள். நான் குடிப்பதில்லை என்றேன். "இந்த வேலைக்கு வந்துட்டு குடிக்கலன்றியா?" என்று ஒருவர் ஆச்சரியப்பட்டார். நான் எந்த வேலைக்கும் வரவில்லை, வால்வு மாட்ட வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் டீக்கடையில் பேப்பர் பார்த்தேன். தீராத வயிற்றுவலியால் கிணற்றில் குதித்தார் என்றும், பொதுமக்கள் உதவியுடன் உடல் மீட்கப்பட்டது என்றும் போட்டிருந்தது. எனக்கு வேகமாகப் படிக்க வராது. அந்த வரியை இரண்டு தடவை எழுத்துக்கூட்டினேன். கிணற்றில் இருந்தது நான் ஒருத்தன்தான். பொதுமக்கள் எல்லாரும் மேலே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. ஸ்டேஷனிலிருந்து சைக்கிளிலோ ஜீப்பிலோ வருவார்கள். கடை வாசலில் நின்று முதலாளியிடம், "ஆள அனுப்புய்யா, ஜல்தி" என்பார்கள். மூன்றாவது தடவைதான் ஏட்டு அந்த வார்த்தையைச் சொன்னார். அன்றைக்கு மாலையே முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு ஸ்பெஷல் லைசென்ஸ் வரப்போவுதுணா."

"இன்னா லைசென்சு?"

"கெணத்துல எறங்கறதுக்கு. ஏட்டு சொன்னாரு."

முதலாளி ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்தார். "நானே சொல்லணும்னு இருந்தேன். அந்த அஞ்சு ஏக்கராகாரரு வந்துட்டுப் போனாரு. இனிமே அந்தப் பையன அனுப்பாதீங்க, நாங்க குடிக்கிற தண்ணின்றாரு."

"நான் அவரு கெணத்துலயாணா பொணம் எடுத்தேன்?"

"எந்தக் கெணறா இருந்தா இன்னாடா? கை அதே கைதான?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் லைசென்ஸ் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் தோன்றியது. ஆஸ்பத்திரியில் பிணத்தை அறுக்கிற டாக்டர் கையால்தானே சாயங்காலம் இதே ஜனம் ஊசி போட்டுக்கொள்கிறது? அவர் வீட்டு வாசலில் போர்டு இருக்கிறது. போர்டு இருந்தால் கை சுத்தம். என்னிடமும் சீல் வைத்த ஒரு காகிதம் இருந்தால் எவன் என்ன சொல்ல முடியும்? கடையில் மாட்டி வைத்தால் முதலாளிக்கும் மரியாதைதான். இதையெல்லாம் நான் நிஜமாகவே யோசித்தேன்.

ஒவ்வொரு தடவை போகும்போதும் ஏட்டிடம் "அது வந்துச்சுங்களா?" என்று கேட்பேன். எது என்று அவர் கேட்டதில்லை. "வரும் வரும்" என்பார். ஒன்பதாவது ஆளை எடுத்த மறுநாள், வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நானே ஸ்டேஷனுக்குப் போனேன். சப் இன்ஸ்பெக்டர், ஏட்டு, எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர், மூன்று பேரும் இருந்தார்கள்.

"இன்னாடா, யாரு செத்தது?" என்றார் ஏட்டு.

"யாரும் சாவல சார். லைசென்ஸ் வாங்கிக்கினு போலாம்னு வந்தேன்."

"என்ன லைசென்ஸ்?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"ஸ்பெஷல் லைசென்ஸ் சார். ஏட்டய்யா சொல்லியிருந்தாரு."

ஏட்டுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். ரைட்டர் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். சப் இன்ஸ்பெக்டர் இளவயசுக்காரர், சிரிக்காமல் எனக்கு விளக்கினார்.

"அது லைசென்ஸ் இல்லப்பா. ஸ்பெஷலைசேஷன். ஒருத்தன் ஒரே ஒரு வேலைல கில்லாடியா இருக்கறது. கண்ணு டாக்டரு இருக்காரு, அவரு காதப் பாக்க மாட்டாரு. அந்த மாதிரி."

"எனக்கு மோட்டார் வேலையும் தெரியும் சார். காயில் கட்டுவேன்."

"அது திண்டிவனத்துல அம்பது பேருக்குத் தெரியும். இது உனக்குத்தான் தெரியும்."

"அப்ப அதையே ஒரு பேப்பர்ல எழுதி சீல் போட்டுக் குடுங்க சார். கடையில காட்டணும்."

"அதெல்லாம் எழுத முடியாது" என்றார். அதுவரை சிரித்த முகங்கள் அந்த இடத்தில் மாறின. ரைட்டர் மட்டும் விடவில்லை. "நீயே ஒரு போர்டு எழுதி மாட்டிக்கோயேன். இங்கு பொணம் எடுத்துத் தரப்படும். ஞாயிறு விடுமுறை."

அந்த நகைச்சுவை என்னைவிட வேகமாக ஊருக்குள் போய்விட்டது. அதற்கு முன்னால் என்னை யாரும் எந்தப் பெயரும் வைத்துக் கூப்பிட்டதில்லை. அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கப் போனால் "ஸ்பெஷலிஸ்டு, உக்காருங்க" என்று பெஞ்சில் இடம் விடுவார்கள். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்காராமல் இருப்பதற்கு இடம் விட்டார்கள். சிலர் "நீ எந்தத் தெரு?" என்று விசாரிப்பார்கள். கோயில் தெரு என்பேன். "கோயில்னா எந்தக் கோயிலு?" மாதா கோயில் என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும், கணக்கு சரியாகிவிட்ட மாதிரி. கிணற்றில் முங்குவதற்கு மூச்சு வேண்டும், தெரு எதற்கு என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மாதம் முடிவதற்குள் முதலாளி என்னை நிறுத்திவிட்டார். கெட்டவர் இல்லை அவர். கையைப் பிடித்துக்கொண்டு, "கஸ்டமர் பேஜாரு பண்றான்பா" என்றார். அந்தப் பெஞ்சில் நான் பாதி கட்டி வைத்திருந்த மூன்று எச்.பி. மோட்டார் ஒன்று இருந்தது. அதை முடித்துவிட்டுப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

அடுத்த சில வருஷம் சுற்றினேன். ஊருக்கு வரும்போதெல்லாம் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள், இன்னும் ஆறு பேரை எடுத்தேன். நாலுவழிச் சாலை போடுகிற இடத்தில் ஜல்லி கொட்டினேன். பாண்டிச்சேரியில் கட்டட வேலை. இரும்பை என்கிற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பம்பு பார்த்துக்கொண்டேன், நான் பிணம் எடுக்கிறவன் என்று அங்கேயும் யாரோ சொல்லிவிட்டார்கள். போகிற இடத்திலெல்லாம் அந்த வார்த்தையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். நமக்கு ஸ்பெஷல் என்றால் என்ன? டீக்கடையில் ஸ்பெஷல் டீ என்றால் பால் அதிகம், காசு அதிகம். ஸ்பெஷல் பஸ் என்றால் அதே ஓட்டை பஸ், டிக்கெட் அதிகம். கோயிலில் ஸ்பெஷல் தரிசனம் என்றால் காசு கொடுத்தவன் முன்னால் போவான். ஸ்பெஷல் என்று எது வந்தாலும் அதற்கு மேலே ஏதோ கொடுக்க வேண்டும். டாக்டர் பெயருக்குப் பின்னால் அந்த வார்த்தை ஒட்டினால் அவர் பீஸ் ஏறுகிறது, அவரைப் பார்க்க வாரம் ஒருநாள் ஜனம் வரிசையில் நிற்கிறது. என் பெயருக்கு முன்னால் ஒட்டினதும் இருந்த வேலையும் போயிற்று. அவர் மற்ற வேலையைத் தானாகத் தள்ளிவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டார். என்னிடமிருந்து மற்ற வேலையை எல்லாம் பிடுங்கிவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்கள். இரண்டுக்கும் ஒரே வார்த்தை. இங்கிலீஷ்காரன் இதற்கு இரண்டு வார்த்தை வைத்திருக்க வேண்டும்.

விழுப்புரத்தில் எனக்குப் பெஞ்சு கிடைத்தது 2004 வாக்கில். ஒரு காயில் கட்டும் கடை. நடத்தியது ஓர் அம்மா. ஐம்பது வயதை நெருங்கியவர். புருஷன் இறந்த பிறகு கடையை மூடாமல் தானே உட்கார்ந்து கட்டினார். நான் அவரை அக்கா என்பேன். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆள் வாசலில் நின்று, "கடக்காரரு இல்லீங்களா?" என்று கேட்பான். அக்கா திரும்பாமலே, "கடக்காரரு போட்டோல கீறாரு. நீ மோட்டார எறக்கு" என்பார். சுற்று எண்ணும்போது நான் ஏதாவது கேட்டால், "தம்பி, எண்ணும்போது பேசாத. ஒண்ணு கொறஞ்சா உன்னையும் சேத்துதான் சுத்துவேன்" என்பார்.

அங்கே மூன்று வருஷம் இருந்தேன். நான் ஓர் இடத்தில் அவ்வளவு காலம் இருந்தது என் அம்மாவுக்கே நம்ப முடியவில்லை. அக்கா கட்டுவார், நான் பேரிங், ஷாஃப்டு பார்ப்பேன். பிறகு நானும் கட்டினேன். நான் கட்டிய மோட்டார் திரும்பி வருவது குறைந்தது. வாடிக்கைக்காரர்கள் என்னை 'மெக்கானிக்' என்று கூப்பிட்டார்கள். போனில் பேசும்போது அக்காவே, "எங்க மெக்கானிக்க அனுப்பறேன்" என்பார். அதைக் கேட்பதற்காகவே சில சமயம் பக்கத்தில் நின்றிருக்கிறேன். கிணற்று விஷயத்தை அக்காவிடம் சொல்லவில்லை. கிணற்றில் இறங்கும் வேலை வந்தால் எனக்கு நீச்சல் தெரியாது என்பேன்.

ஒருநாள் காலை பத்து மணிக்குக் கடை வாசலில் ஜீப் நின்றது. அதே ஏட்டு. பதவி உயர்ந்திருந்தார், வயிறும் உயர்ந்திருந்தது.

"டேய் ஸ்பெஷலிஸ்டு! இங்கதான் கீறியா? திண்டிவனம் பூரா தேடிட்டேன்டா. வா, வண்டில ஏறு."

என் கையில் பாதி இறக்கிய கம்பி இருந்தது.

"யாருங்க? இன்னா ஸ்பெஷலிஸ்டு?" என்றார் அக்கா.

"உங்களுக்குத் தெரியாதாம்மா? கெணத்துல பொணம் எடுக்கறதுல இவன அடிச்சிக்க இந்த மாவட்டத்துலயே ஆளு கெடையாது."

கடையில் ஒரு விவசாயி மோட்டாருக்காகக் காத்திருந்தார். அவர் என் கையைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். போயிற்று, இந்தப் பெஞ்சும் போயிற்று என்று தெரிந்தது. ஒன்பது வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது மேலே வந்தது.

"வர மாட்டேன் சார். நான் மோட்டார் மெக்கானிக்."

"பொம்பளப் புள்ளடா. இருபத்திமூணு வயசு. நேத்து காலைலருந்து தண்ணிக்குள்ள கெடக்குது. ஃபயர் சர்வீஸ்காரங்க பாத்துட்டாங்க, சேறு ஜாஸ்தி, கெடைக்கல. பெத்தவங்க கத்திக்கினு கீறாங்க."

அதைக் கேட்டு மறுக்க எனக்கு முடியவில்லை. ஆனால் சும்மா போகவும் முடியவில்லை.

"வர்றேன். ஆனா நீங்க எழுதற பேப்பர்ல என் பேரு எழுதணும். எடுத்தவர்னு போட்டு என் பேரு. தொழில்ன்ற எடத்துல மோட்டார் மெக்கானிக்."

"லூசாடா நீ? பேர எழுதினா நீ சாட்சி ஆயிடுவ. ஆபீஸ் ஆபீஸா அலையணும்."

"அலையறது எனக்குப் பழக்கம்தான் சார்."

அவருக்குக் கோபம் வந்தது. அக்கா எழுந்து வந்தார். என்னை வேலையை விட்டு நிறுத்தத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பில் புத்தகத்தோடு இருந்த பேனாவை எடுத்து ஏட்டு முன்னால் நீட்டினார். "இந்தாங்க. எழுதறன்னு சொல்லிட்டுக் கூட்டிக்கினு போங்க. இல்லன்னா எங்க மெக்கானிக்குக்கு இங்க வேல கீது." அவர் பேனாவை வாங்கவில்லை. "எழுதறேம்மா, எழுதித் தொலைக்கறேன்" என்றார்.

நான் ஜீப்பில் ஏறினேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அன்பு ஒன்றும் இல்லை. மூன்று வருஷம் மறைத்ததற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. காத்திருந்த விவசாயி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. அவரைப் போல இன்னும் மூன்று பேர் போனார்கள். "போவட்டும். வேற கடையில கட்டி எரிஞ்சா தானா வருவானுங்க" என்றார் அக்கா, அதையும் என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னார்.

கிணறு ஆழம். தண்ணீர் குறைவு, சேறு முழங்கால் வரை. நாலாவது முங்கில் கிடைத்தாள். கட்டிலில் கிடத்தும்போது என்ன பார்க்க வேண்டுமோ அதைப் பார்த்தேன். இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை. மேலே வந்ததும், அம்மாக்காரி மகள் மேலே விழுந்து அழுதாள். அவளைச் சுற்றி அவள் வீட்டு ஜனம். புருஷன் வீட்டு ஜனம் வேப்பமரத்துப் பக்கம் தனியாக நின்றது. நான் ஈரத்தோடு நேராக ஏட்டு எழுதுகிற இடத்துக்குப் போனேன்.

"காட்டுங்க சார்."

"எழுதிட்டேன்டா, போ."

நான் எட்டிப் படித்தேன். எனக்கு வேகமாகப் படிக்க வராதுதான். ஆனால் 'பொதுமக்கள் உதவியுடன்' என்ற இரண்டு வார்த்தையை இந்தியாவில் என்னைவிட வேகமாகப் படிக்கிறவன் இருக்க மாட்டான்.

"அடிச்சிட்டு என் பேர எழுதுங்க."

"எல்லாரும் பாக்கறாங்க, மெதுவா பேசு."

"பாக்கட்டும். கெணத்துல எந்தப் பொதுமக்கள் சார் எறங்குனாங்க? கூப்புடச் சொல்லுங்க, யாரு துணி ஈரமா கீதுன்னு பாத்துடலாம்."

கத்திவிட்டேன். செத்த பெண்ணின் அப்பா எழுந்து வந்தார். வேட்டியெல்லாம் மண். அவர் என்னைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தார். "அவர்தானங்க எடுத்தாரு. அவரு பேர எழுதுங்க" என்றார். அவர் மட்டும் சொல்லியிருக்காவிட்டால் அன்றைக்கும் நான் பொதுமக்கள்தான். என் பேச்சுக்காக அந்தப் பேனா நகரவில்லை என்பதை நான் மறக்கவில்லை. அடித்தார், எழுதினார். தொழில்: மோட்டார் மெக்கானிக்.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். காகிதத்தில் பெயர் இருந்ததால் எனக்கும் ஓலை வந்தது. அக்கா கடையைச் சாத்திவிட்டு என்னோடு வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். போகும் முன்னால் பழைய ஏட்டு என்னை வழியில் நிறுத்தினார். "எடுத்தேன்னு மட்டும் சொல்லு. மத்ததெல்லாம் உன் வேல இல்ல" என்றார். அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்டது எத்தனையாவது தடவை என்று யோசித்துக்கொண்டே போனேன்.

காலை முழுக்க கோட்டாட்சியர் ஆபீஸ் வராந்தாவில் நின்றேன். செத்த பெண்ணின் வீட்டார் ஒரு பக்கம், புருஷன் வீட்டார் ஒரு பக்கம். உட்காரச் சொல்ல யாரும் இல்லை. மதியத்துக்கு மேல் உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார்.

"மோட்டார் மெக்கானிக்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எதுக்குப்பா கிணத்துல எறங்கின? அதுக்குன்னு ஆளுங்க இருப்பாங்களே?"

"அதுக்குன்னு இருக்கற ஆளும் நான்தாங்க."

அவருக்கு அது விளங்கவில்லை. விளக்கச் சொல்லவும் இல்லை. "சரி, பாடிய எடுத்தது நீ. எடுக்கும்போது என்ன பாத்த?" என்றார்.

அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. அதற்குள் நான் எடுத்தது பதினாறு பேர். பதினைந்து பேர் கையை, கழுத்தை, காலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு, கொடுத்த குவார்ட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். காகிதத்தில் அத்தனை பேருக்கும் ஒரே வயிற்றுவலி. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவளுடைய வலது மணிக்கட்டில் யாரோ இறுக்கிப் பிடித்த தடத்திலிருந்து ஆரம்பித்தேன்.

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா கையைத் தூக்கினார்.

"யோவ், மெதுவா சொல்லுய்யா. எழுத வேணாமா?"

என்னால் மெதுவாகச் சொல்ல முடியவில்லை.